ஆமைக்கு வீடு, ஆமைக்குப் படுக்கை: டர்பனில் என்னிடம் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒன்பது கிலோ எடையில் ஒரு சிறுத்தை ஆமை இருக்கிறது. இங்கே எல்லோரும் லெப்பர்ட் டார்ட்டாய்ஸ் என்று சொல்வார்களே, அதுதான். பெயர் மூக்கன். பெயர்க் காரணம் கீழே வரும். நாங்கள் இருப்பது டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம். அடுத்த தெருவில் இருந்த ஒரு பெரியவர் மகளோடு வெளிநாடு போகும்போது, பெர்மிட் என் பெயரில் வந்த பிறகுதான் இதைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து கோயில் அன்னதானத்தில் வரிசையில் நின்றாலும் சரி, கல்யாண வீட்டில் கை கழுவப் போனாலும் சரி, யாராவது ஆமையைப் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பார்களே, நீங்கள் எப்படி வளர்க்கிறீர்கள்?

இதை முதலில் கேட்டது எங்கள் அம்மா, திருநெல்வேலியிலிருந்து போனில். ஆமை வீட்டுக்குள் புகவில்லை அம்மா, அதற்குத் தனி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லிச் சமாளித்தேன். அமீனா இதுவரை வரவில்லை.

சாலையோரத்தில் ஒன்று கிடைத்தது, எடுத்து வந்து வளர்க்கலாமா?

கூடாது. தென்னாப்பிரிக்காவில் எந்த உள்நாட்டு நில ஆமையையும் பெர்மிட் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். குவாசூலு-நட்டாலில் எசெம்வெலோ வனவிலங்கு அமைப்பிடமும், கேப் டவுன் பக்கம் கேப்நேச்சரிடமும் பேச வேண்டும். உலகத்திலேயே அதிக வகை நில ஆமைகள் இருக்கும் நாடு இது. அதிலும் மேற்குக் கேப்பில் மட்டுமே இருக்கும் ஜியோமெட்ரிக் ஆமை அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதனால் சட்டம் கடுமையாக இருப்பதில் தப்பு சொல்ல முடியாது. சாலையைக் கடக்கும் ஆமையைப் பார்த்தால், அது போகிற திசையிலேயே அந்தப் பக்கம் எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள், அவ்வளவுதான். தூக்கும்போது தரையை ஒட்டியே தூக்குங்கள், பயந்தால் சிறுநீர் கழித்துவிடும். வறண்ட இடத்தில் அந்த நீர்தான் அதன் சேமிப்பு.

இதன் மறுபக்கம்: வளர்த்த ஆமையை அலுத்துப்போய்க் காட்டில் விடுவதும் கூடாது. மூக்கில் நீர் வடியும் நோய்கள் காட்டு ஆமைகளுக்குத் தொற்றிவிடும். ஊரிலிருந்து நட்சத்திர ஆமை கொண்டுவரலாமா என்று ஒருவர் கேட்டார். அது 2019 முதல், அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, இந்தியாவிலும் சட்டப்படி வளர்க்க முடியாது. அந்தப் பேச்சே வேண்டாம்.

கண்ணாடித் தொட்டியில் வைத்தால் என்ன?

நான் வேண்டாம் என்பேன். கண்ணாடி என்று ஒன்று இருப்பதே ஆமைக்குப் புரியாது, அந்தப் பக்கம் தெரிகிறதே என்று நாள் முழுக்க மூலையை முட்டி நடந்துகொண்டே இருக்கும். வெயிலில் வைத்தால் அரை மணியில் அடுப்பாகிவிடும். ஜன்னலோரம் வைத்து "வெயில் படுகிறதே" என்று திருப்திப்படுவதும் தவறு, ஏனென்றால் ஓட்டுக்கும் எலும்புக்கும் தேவையான புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அது இல்லாமல் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாமல் நீங்கள் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. குஞ்சுகளை வீட்டுக்குள் வைத்தே ஆக வேண்டும் என்றால் பக்கம் மறைத்த மரப்பெட்டி, மேலே அந்தப் புற ஊதா பி கதிரைத் தரும் யூவிபி குழல் விளக்கு, ஒரு மூலையில் 32 முதல் 35 டிகிரி வரை சூடான இடம், எதிர் மூலையில் குளிர்ச்சி. குழல் எரிந்துகொண்டிருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வெளிச்சம் இருக்கும், கதிர் இருக்காது.

வெளியே எவ்வளவு இடம் வேண்டும்? வேலி எப்படி?

முடிந்த அளவு பெரிதாக. மூக்கனுக்கு ஐந்து மீட்டருக்கு நான்கு மீட்டர் விட்டிருக்கிறேன், அதுவும் சிறியதுதான் என்று அவன் நடையைப் பார்த்தால் தெரிகிறது. சுவர் அரை மீட்டர் உயரத்துக்குக் குறையாமல், பார்வை ஊடுருவாததாக இருக்கட்டும். கம்பி வலை போட்டால் கண்ணாடித் தொட்டிக் கதைதான், அந்தப் பக்கத்துப் புல் தெரியும், தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். மூலைகளில் கவனம்: இரண்டு சுவர் சேரும் இடத்தில் முதுகைக் கொடுத்து ஏறுவதில் ஆமை கெட்டிக்காரன். ஏறி மல்லாந்து விழுந்து வெயிலில் கிடந்தால் செத்துப்போகும். அடியில் இருபது, முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செங்கல் இறக்கிவிடுங்கள். சிறுத்தை ஆமை வளை தோண்டுகிற இனம் இல்லைதான், ஆனால் வெளியே இருந்து நாய் தோண்டும்.

நாயைப் பற்றி ஒரு வார்த்தை. "எங்க நாய் ரொம்பச் சாது" என்பவர்கள் வீட்டு ஆமைகளைத்தான் ஓடு கடிபட்ட நிலையில் மருத்துவரிடம் பார்த்திருக்கிறேன். நாய்க்கு அது நடக்கும் எலும்பு.

இங்கே நம் வீடுகளில் இன்னும் இரண்டு எமன்கள்: நீச்சல் குளமும் புல் வெட்டும் இயந்திரமும். குளத்தில் விழுந்த நில ஆமை ஏறி வர முடியாமல் செத்துப்போகும். குளம் இருந்தால் அதற்கும் ஆமைக்கும் நடுவே சுவர் இருந்தே ஆக வேண்டும்.

குரங்குத் தொல்லைக்குத் தரையை ஒட்டி மின்கம்பி போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். கரூ என்கிற உள்நாட்டு வறண்ட பகுதிப் பண்ணைகளில் தரையை ஒட்டி ஓடும் மின்வேலிக் கம்பிகளில் எத்தனையோ சிறுத்தை ஆமைகள் செத்திருக்கின்றன. மற்ற மிருகமாக இருந்தால் ஷாக் அடித்ததும் துள்ளி ஓடும். ஆமை என்ன செய்யும்? தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு அதே இடத்தில் உட்காரும். கம்பி மேலே பட்டபடியே இருக்கும், ஷாக் மறுபடி மறுபடி அடிக்கும். எது அதைக் கோடிக்கணக்கான வருடமாகக் காப்பாற்றியதோ அதுவே இங்கே கொல்கிறது.

வெர்வெட் குரங்குகளுக்கு என்னிடம் முழு விடை இல்லை. செம்பருத்திப் பூவை ஆமைக்குப் போட்டால் பாதி அவைகளுக்குத்தான் போகிறது. பெரிய ஆமையை அவை ஒன்றும் செய்வதில்லை. குஞ்சுகளுக்கு மட்டும் மேலே வலைமூடி கட்டாயம். அது குரங்குக்காக மட்டுமல்ல, காக்காய்க்காகவும். நம் ஊர்க் காக்காயேதான், 1970களில் இந்தத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்து நம்மைப் போலவே இங்கேயே தங்கிவிட்டது. ஓடு இறுகாத குஞ்சை ஒரே கொத்தில் முடித்துவிடும்.

இரவில் படுக்கும் வீட்டை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது?

வடக்கு. வாஸ்து இல்லை, சூரியன். இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர்கள் இதில் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறோம், குளிர்காலத்தில் வெயில் வடக்கிலிருந்து சாய்ந்து வரும். குளிர்காற்றும் சாரலும் தென்மேற்கிலிருந்து வரும். ஆகவே வாசல் வடக்கே, முதுகு தெற்கே.

மூக்கன் வீடு ப்ளைவுட்டால் செய்தது: ஒன்றே கால் மீட்டர் நீளம், எண்பது சென்டிமீட்டர் அகலம், ஐம்பது உயரம். இரண்டு பலகைக்கு நடுவே தெர்மகோல் அடைத்திருக்கிறது. கூரையைக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்தது என் வாழ்க்கையின் புத்திசாலித்தனமான முடிவுகளில் ஒன்று, இல்லாவிட்டால் சுத்தம் செய்ய வாசல் வழியாகத் தலையை விட வேண்டும். வாசலில் கதவுக்குப் பதிலாகப் பழைய கார் ரப்பர் மேட்டை வார் வாராகக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். முதல் வாரம் அதைப் பார்த்து மிரண்டான். ஒரு வாரை மட்டும் விட்டு மற்றதைச் சுருட்டிக் கட்டி, இரண்டு நாளுக்கு ஒன்றாக அவிழ்த்துவிட்டேன், பழகிக்கொண்டான். பெட்டி தரையில் இல்லை, இரண்டு வரிசைச் செங்கல் மேல், சரிவுப் பலகையோடு.

செங்கல் எதற்கு? தரையிலேயே வைத்தால் இயற்கையாக இருக்காதா?

இதற்குத்தான் மூக்கன் கதை. முதலில் நானும் தரையில்தான் வைத்தேன், அதுவும் கொல்லையின் தாழ்ந்த பக்கம், நிழல் இருக்கிறதே என்று. 2022 ஏப்ரல் வெள்ளம் நினைவிருக்கும். டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன அந்த இரண்டு நாட்களில் ஆமை வீட்டை யார் நினைத்தார்கள்? எங்கள் வீட்டுக்குப் பெரிய சேதமில்லை. நான்காம் நாள்தான் கூரையைத் திறந்து பார்த்தேன். படுக்கைப் புல் முழுக்க ஊறி, அழுத்தினால் பழுப்புத் தண்ணீர் வந்தது. அவன் மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான், இடது மூக்கில் ஒரு சின்ன நுரைக்குமிழி வருவதும் போவதுமாக இருந்தது. மூச்சு விடும்போது கீச்சென்று ஒரு சத்தம். பசியில்லை. கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கினான்.

முதலில் போன இடத்தில் "ஆமைக்குச் சளி பிடிக்கும், தானே போய்விடும்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் ஊர்வன பார்க்கிற மருத்துவர் இருந்தார். நுரையீரல் தொற்று. ஆன்டிபயாடிக் ஊசி, முன்னங்காலில்தான் போட வேண்டுமாம், பின்னங்காலில் போட்டால் மருந்து சிறுநீரகம் வழியாக முதலில் போய்விடும். மூன்று வாரம் துணி துவைக்கும் அறையில் 28 முதல் 30 டிகிரியில் வைத்திருந்தோம். பிழைத்தான். பிள்ளைகள் அன்றிலிருந்து மூக்கன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் இருந்த பெயர் யாருக்கும் நினைவில்லை.

அந்த மருத்துவர் சொன்ன ஒன்றைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்: ஈரம் தப்பில்லை, குளிரும் தப்பில்லை, இரண்டும் சேர்ந்தால்தான் தப்பு. உலர்ந்த படுக்கையில் 12 டிகிரி இரவை நல்ல ஆரோக்கியமான பெரிய ஆமை தாங்கிவிடும். வெதுவெதுப்பான ஈரத்தில் குஞ்சு நன்றாக வளரும். நனைந்த படுக்கையும் குளிர்ந்த இரவும் நிமோனியா.

அப்படியானால் படுக்கைக்கு எதைப் போடுவது?

பெரிய ஆமைக்கு, இரவு வீட்டில், நான் போடுவது டெஃப் என்கிற தீவனப் புல்லின் வைக்கோல். இங்கே குதிரைத் தீவனம் விற்கும் கடை எதிலும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும், மெல்லிசாக, தூசி குறைவாக இருக்கும், தின்றாலும் நல்லது. ஆமை உள்ளே புகுந்தால் ஓடு மறைகிற அளவு போடுங்கள். வைக்கோல் வாங்கும்போது கையை உள்ளே விட்டு முகர்ந்து பாருங்கள்: காய்ந்த புல் வாசனை வர வேண்டும், பழைய சாக்கு வாசனை வந்தால் பூஞ்சை, காசு கொடுக்காமல் வந்துவிடுங்கள். லூசர்ன் (குதிரைமசால்) வேண்டாம், புரதம் அதிகம், நனைந்தால் சீக்கிரம் அழுகும்.

குஞ்சுக்கு வேறு. தென்னை நார்த்தூளும் உரம் கலக்காத தோட்டமண்ணும் பாதிக்குப் பாதி, எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழம். நார்த்தூள் கட்டியை ஒரு வாளியில் போட்டு நான்கு லிட்டர் வெந்நீர் ஊற்றினால் கால் மணியில் பொங்கி நிற்கும். ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி கையில் நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. ஒழுகினால் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்துவிடுங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். மேல்பரப்பு காயலாம், அடியில் ஈரம் இருக்கட்டும். மேலே தண்ணீர் தெளிப்பதைவிட மூலையில் கொஞ்சம் ஊற்றி அடியில் ஊறவிடுவது நல்லது.

குஞ்சுக்கு ஈரம் எதற்கு? இது ஆப்பிரிக்க ஆமை, வறட்சிக்குப் பழகியது என்கிறார்களே?

பல வருடம் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் கோபுரம் கோபுரமாக எழும்பினால் புரதம் அதிகம் கொடுத்துவிட்டீர்கள் என்று திட்டுவார்கள். ஸல்காட்டா என்கிற, சஹாராவின் தென் ஓரத்து ஆமையின் குஞ்சுகளை வைத்து 2003ல் வெளிவந்த ஓர் ஆய்வில், புரதம் கூடுவதைவிட வறண்ட காற்றுதான் கூம்பு எழும்பப் பெரிய காரணம் என்று தெரிந்தது. யோசித்தால் சரிதான். காட்டில் குஞ்சு வெட்டவெளியில் திரிவதில்லை, புதருக்கடியில், வேருக்குப் பக்கத்தில் ஈரமண்ணில் ஒடுங்கிக் கிடக்கும். நாம்தான் விளக்குக்கு அடியில் காய்ந்த மரத்தூளில் வைத்து அப்பளமாகப் பொரிக்கிறோம். வாரம் இரண்டு மூன்று தடவை, தாடை வரை வெதுவெதுப்பான நீரில் கால் மணி உட்கார வையுங்கள், குடிக்கும், கழிக்கும், உங்களுக்கும் பெட்டி சுத்தமாக இருக்கும்.

எதைப் போடவே கூடாது?

பைன் மரச் சுருளும் தேவதாரு வகை மரத்தூளும். வாசனை நமக்குப் பிடிக்கும், அந்த எண்ணெய் ஆமையின் மூச்சுக்கு ஆகாது. வெறும் மணல் வேண்டாம், தீனியோடு சேர்ந்து குடலில் அடைத்துக்கொள்ளும். பூனைக்குப் போடும் உருண்டைகள், சோளக்கட்டைத் துகள் இரண்டும் ஈரம் பட்டால் ஊதிப் பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாள் நோயாளி ஆமைக்கு, நாலு நாளைக்கு மட்டும் சரி. கழிவைப் பார்க்க வசதி, ஆனால் வழுக்கும், கால் அகன்றுபோகும். வெட்டிய புல்லைப் பச்சையாகக் குவித்துப் போடுவதும் கூடாது, உள்ளே புழுங்கிச் சூடேறிப் புளிக்கும்.

குளிர்காலத்தில் தூங்க வைக்க வேண்டாமா? ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறார்கள்!

அது மத்தியதரைக் கடல் பக்கத்து ஆமைகளுக்கு. நம் சிறுத்தை ஆமை உறங்குகாலம் போகும் இனம் இல்லை. குளிர்ந்த நாளில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், வெயில் வந்ததும் புல் மேயும். இதை ஃப்ரிட்ஜில் வைத்தால் கொலை.

டர்பனில் ஜூலை இரவு பொதுவாக 11 டிகிரி பக்கம். அந்தக் குளிருக்கு, முன்னால் சொன்ன ப்ளைவுட் வீடு போதும், மழை நாட்களில் மட்டும் பீங்கான் ஹீட்டரை தெர்மோஸ்டாட்டோடு ஓட விடுவேன். ஜோஹன்னஸ்பர்க் கதை வேறு. லெனேஷியாவில் இருக்கும் என் நண்பர் வீட்டில் காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாக நிற்கும். அங்கே இரவு வீட்டுக்குச் சூடு இல்லாமல் முடியாது, ஆனால் காற்று வறண்டது, அதனால் குஞ்சுப் பெட்டிக்கு இங்கே ஊற்றுவதைவிட இரண்டு மடங்கு தண்ணீர் தேவைப்படும். அவர் சொல்லும் யோசனை இங்கே பொருந்தாது, என்னுடையது அங்கே பொருந்தாது. இரண்டு பேரும் சண்டை போட்டு ஓய்ந்து கண்டுபிடித்தது இது.

சூடாகும் பாயை அடியில் விரிக்காதீர்கள். சூடு எப்போதும் மேலே இருந்து வருவதாகத்தான் ஆமைக்குத் தெரியும், அடிவயிறு வெந்தாலும் நகராது.

லோட்ஷெட்டிங் வந்தால்?

2023ல் நாளுக்குப் பத்து மணி நேரம் கரண்ட் போன காலத்தில் கற்றது: இரண்டு லிட்டர் கூல்டிரிங்க் பாட்டிலில் சூடான நீர், கொதிக்கும் நீர் இல்லை, நிரப்பித் துண்டில் சுற்றிப் பெட்டியின் இரண்டு மூலையில் வையுங்கள். வைக்கோல் மூடியிருந்தால் நான்கு மணி நேரம் தாங்கும். தெர்மகோல் சுவர் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஹீட்டருக்குச் செலவழிக்கும் முன் சுவருக்குச் செலவழியுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

கொல்லையில் என்ன செடி வைக்கலாம்?

அருகம்புல்! இங்கே க்வீக் என்று திட்டிக்கொண்டே பிடுங்கி எறிகிறார்களே, அது நம் பிள்ளையாருடைய அருகம்புல்லேதான், ஆமைக்கு அமிர்தம். கிக்குயு புல்லும் தின்னும். ஸ்பெக்பூம் என்கிற சதைப்பற்றுள்ள இலைச் செடியை வேலியோரம் நட்டால் நிழலுமாச்சு தீனியுமாச்சு. செம்பருத்தி, முசுக்கொட்டை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி எல்லாம் சரி. அரளி கூடவே கூடாது. சிரிங்கா மரம் இருந்தால் பழம் விழுந்து கிடக்காமல் பெருக்குங்கள், வேம்பு மாதிரி இருந்தாலும் வேம்பு இல்லை, விஷம். மருந்தடித்த புல்தரையில் விடாதீர்கள்.

சோறு, பருப்பு, ரொட்டி வேண்டாம். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது பக்கத்து வீட்டு ஆன்ட்டி பாசத்தோடு ஒரு கிண்ணம் மூக்கனுக்கும் வைத்துவிட்டுப் போனார். அவன் அதில் கால் வைத்து ஏறிப் போனான், நல்லவேளை.

இரண்டு ஆமைகளை ஒரே வீட்டில் விடலாமா?

இரண்டு ஆண் என்றால் வேண்டாம். ஒன்றையொன்று முட்டிக் கவிழ்க்கும். கேப் பக்கத்து ஆங்குலேட் ஆண்கள் இதில் இன்னும் மோசம், கழுத்துக்குக் கீழே நீண்டிருக்கும் ஓட்டு நுனியை நெம்புகோலாக வைத்து எதிரியை மல்லாத்திவிடும். இனம் கலந்து வைப்பதும் நோய்க்கு வழி.

ஓடிப்போகாமல் இருக்க ஓட்டில் துளை போட்டுச் சங்கிலி கட்டலாமா?

உங்கள் நகத்தின் அடிச்சதையில் துளை போட்டுக் கட்டினால் எப்படி இருக்கும்? ஓடு உயிருள்ள எலும்பு, வலிக்கும், சீழ் பிடிக்கும். பெயின்டும் அடிக்காதீர்கள்.

உண்ணி, எறும்பு?

ஆமைக்கென்றே ஓர் உண்ணி இங்கே உண்டு, தொடைச் சந்திலும் கழுத்தோரத்திலும் ஒட்டிக்கொள்ளும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நாய்க்கு அடிக்கும் மருந்தை ஆமைமேல் அடிக்காதீர்கள், அதில் சில ஆமையைக் கொன்றுவிடும். எறும்புக்கு, செங்கல் காலைச் சுற்றித் தண்ணீர்த் தட்டு, பாட்டி மாவடுப் பானைக்கு வைத்த அதே முறை.

எத்தனை நாளைக்கு ஒருமுறை சுத்தம்?

கழிவைத் தினமும் அள்ளுங்கள், இரண்டு நிமிட வேலை. வைக்கோலை இரண்டு வாரத்தில், மழைக்காலத்தில் நனைந்த அன்றே மாற்றுங்கள். குஞ்சுப் பெட்டி மண்ணை இரண்டு மூன்று மாதத்தில். பெட்டியைக் கழுவ பினாயில் வகை எதுவும் வேண்டாம், ஊர்வனவற்றுக்கு ஃபீனால் விஷம். நான் இந்த நாட்டிலேயே தயாராகும் எஃப்10 கிருமிநாசினியைக் கலந்து துடைத்து, வெயிலில் காயவைக்கிறேன். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளையும் கழுவ வையுங்கள். ஆமை நன்றாக இருந்தாலும் சால்மொனெல்லா கிருமி அதன் கழிவில் இருக்கலாம். தண்ணீர்த் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். எங்கள் வீட்டில் இதை ஒருமுறை செய்துவிட்டு நான் வாங்கிய திட்டு தனிக் கதை.

பழைய படுக்கையை என்ன செய்வது?

மக்கவைத்து மரத்துக்குப் போடுங்கள். கொத்தமல்லி, புதினா மாதிரி பச்சையாகத் தின்கிற பாத்திக்கு வேண்டாம், கிருமிக் காரணம்தான். எங்கள் வீட்டில் எல்லாம் கறிவேப்பிலை மரத்தடிக்குப் போகிறது. மரம் கூரையைத் தாண்டிவிட்டது. தெருவில் பாதிப் பேர் சாம்பாருக்கு அங்கேதான் ஒடிக்கிறார்கள், அடியில் என்ன போடுகிறோம் என்று யாரும் கேட்டதில்லை.